இரண்டு ரூமுக்கு ஒரே கூடு

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஏ.சி.க்கு அடியில் வைத்திருந்த வாளியைக் கொட்டினேன். விளிம்பு வரை தண்ணீர். இரவு நல்ல மழை போல. ஒரகடம் சந்திப்பில் குளம், கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, காலேஜ் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. மெஷின்களுக்கு ஒன்றுமில்லை.

வாளியைக் கீழே வைக்கும்முன் இன்டர்காம். ரெஜினாதான். மெயின் பிளாக் கீழ்த்தளத்தில் அவளுடைய சர்வர் ரூம், லேப் பிளாக் இரண்டாம் மாடியில் என்னுடையது. சர்வர் ரூம் வந்த வருஷத்திலிருந்து தினமும் காலையில் இதே விசாரிப்பு.

"என் ரூம் உசுரோட கீது. உன்னுது?"

"இருக்கு. வாளி ரொம்பிடுச்சு."

"ஒண்ணு வாளிய மாத்து, இல்ல ஏ.சி.ய மாத்து. இன்னும் எத்தினி வருசம் ஏந்தினே இருப்ப?"

சிரித்தோம். பிறகு ஏ.ஓ. கூப்பிட்டார். அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீசர், புதியவர். முன்பு ஏதோ உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவர், அதனால் காலேஜையும் ஒரு உற்பத்தி லைனாகத்தான் பார்க்கிறார்.

"ரெண்டு ரூம், ரெண்டு ஏ.சி., ரெண்டு யு.பி.எஸ்., ரெண்டு மேடம். ஒரு லைன் ஓட்ட இது அதிகம் இல்லீங்களா?"

பிளேடு சர்வர் வாங்க டிரஸ்ட் ஒப்புக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். நான் வருஷா வருஷம் எழுதிக் கேட்டதுதான். ஒரு பெரிய இரும்புக் கூடு, அதற்குள் மெல்லிய மெஷின்களை அலமாரியில் புத்தகம் செருகுவதுபோல் செருகலாம். கரண்ட், காற்று, நெட்வொர்க் எல்லாம் கூட்டுக்குப் பொது. இன்று இரண்டு ரூமிலும் பரந்து கிடப்பது மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

"எந்த ரூம்ல வெக்கணும்னு நீங்களே ப்ளான் எழுதிக் குடுங்க. எந்த ரூமோ, அந்த ரூம் மேடம் பாத்துக்கட்டும். இன்னொருத்தருக்கு எக்ஸாம் செல்ல சீட் இருக்கு. ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடி வந்துடணும். ரெஜினா மேடத்துகிட்ட இப்ப சொல்லாதீங்க. வீணா டென்ஷன்."

எக்ஸாம் செல். விடைத்தாள் கட்டு, கோந்து, அரக்கு, டம்மி நம்பர்.

மதியம் ரெஜினாவின் டப்பாவிலிருந்து வஞ்சிரம் குழம்பு. "எங்க வெக்கப் போறாங்களாம் அந்தக் கூட்ட?" என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

வாங்க: பெரிய வாளி. தேங்காய் எண்ணெய். சின்னவளுக்கு கிராஃப் நோட்டு.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில். புழுக்கம். மாற்ற வேண்டிய மெஷின்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன்.

முடிச்சூர் – மெயில்
படப்பை – மார்க், ஹால் டிக்கெட்
சேரப்பனஞ்சேரி – லைப்ரரி
கரசங்கால் – லேப் லாகின்
மண்ணிவாக்கம் – ?

வேறு யார் படித்தாலும் பஸ் ரூட் என்றுதான் நினைப்பார்கள். பஸ் ரூட்தான். எம்.சி.ஏ. முடித்துச் சேர்ந்த புதிதில் தாம்பரத்திலிருந்து வரும் காலேஜ் பஸ்ஸில் நான் முடிச்சூரில் ஏறுவேன், ரெஜினா படப்பையில். நடுவில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை. முதல் மெஷின் வந்தபோது பெயர் கேட்டது. என்ன வைப்பது என்று தெரியாமல் என் ஸ்டாப்பை வைத்தேன். இரண்டாவது வந்ததும் அவள் தன் ஸ்டாப்பை வைத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சேரப்பனஞ்சேரி மட்டும் லேபிளில் பிடிக்காமல் மடித்து ஒட்ட வேண்டியிருந்தது.

ஒருமுறை பழைய பிரின்சிபால் அறையில் நின்று ரெஜினா சொன்னாள்: "சார், படப்பை படுத்துடுச்சி. கரசங்கால ஆஃப் பண்ணிட்டு ஏத்தினாத்தான் எழுந்துக்கும்." அவர் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அப்போது கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது. வெள்ளையடிக்காத சுவர். சர்வர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம், யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே. மத்தியானத்தில் ரூமின் குளிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் எண்ணெய் உறைந்துவிடும். சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். வெளியே போகவே தோன்றாது.

புதிய கூட்டில் ஸ்லாட் ஒன்று, ஸ்லாட் இரண்டு. கம்பெனிக்காரர்கள் அனுப்பிய தாளில் அப்படித்தான் இருக்கிறது.

மண்ணிவாக்கம் எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, ரெஜினாவுக்கும் தெரியவில்லை. பழங்காலத்து டெஸ்க்டாப் பெட்டி, மூலையில் தூசிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரிக்கு எங்கள் வைத்தியம் ஒன்றுதான்: நிறுத்திவிட்டு இன்டர்காம் பக்கத்தில் உட்காருவது. யார் கத்துகிறாரோ அவருடையது. கடைசி பீரியட் முடிந்ததும் நிறுத்தினேன்.

யாரும் கத்தவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்று முழுக்க பெல் அடிக்கவில்லை.

எனக்கு உறைக்கவே இல்லை. மாடிப்படியில் இரண்டு பையன்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

"மச்சி, பெல்லே அடிக்கல. கணக்கு சார் பாட்டுக்கு ஓட்டினே கீறாரு."

"நீ போய் சொல்லேன்."

"நான் இன்னாத்துக்கு? நான் வெளிய கீறேன்ல."

எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு பெல்லைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறார். எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்களே தவிர, சர்வர் ரூமை ஒருவரும் கூப்பிடவில்லை. பெல்லுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

மதியம் ரெஜினா. "ஏய், நேத்து எதையாச்சும் புடுங்கினியா?"

"மண்ணிவாக்கத்த."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப்பாவி, அது நம்மளுதுடி."

மெஷினை நகர்த்திப் பின்னால் பார்த்தேன். பிரிண்டர் செருகும் பழைய ஓட்டையிலிருந்து ஒரு ஒயர், ஜன்னல் சட்டம் வழியாக வெளியே. கறுப்பு டேப் சுற்றியது என் கைதான், இன்றைக்கும் நான் அப்படித்தான் கோணலாகச் சுற்றுவேன். ஒரு மழைச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிய ப்ரோகிராம். வாட்ச்மேன் கையால் பெல் அடித்துக்கொண்டிருந்த காலம். முதல் தடவை தானாக அடித்தபோது அவர் ஓடிவந்து, "யாரும்மா அடிச்சது, நான் இங்க கீறேனே?" என்றார். பஸ் டிரைவர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

மறந்தே போயிருந்தேன். நான் எழுதியது, நானே நிறுத்தியது.

புதிய பிளேடில் இந்த ஒயரைச் செருக ஓட்டை கிடையாது. மற்ற எல்லாமே போகும், இது ஒன்று மட்டும் போகாது. இதை ரெஜினாவிடம் கொஞ்சம் வருத்தமாகவே சொன்னேன்.

"அதுக்கின்னா? எலக்ட்ரிக் கடையில டைமர் விக்கிறான். வாங்கி மாட்டிட்டாப் போச்சி. தூக்கிப் போடு அத்த."

அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கு மத்தியானம் வேலையே ஓடவில்லை.

டைமர் வரும்வரை மண்ணிவாக்கம் ஓடட்டும் என்று மறுபடி ஆன் செய்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மேகம். காற்றில்லை. ஏ.சி. பரவாயில்லை.

சிவில் டிபார்ட்மென்ட் விஜயா மேடத்தை ரூமுக்கு அழைத்துவந்து காட்டினேன். லேப் பிளாக் தளம் மேஜை நாற்காலிக்குப் போட்டது. கூடு ஒரு பீரோ நிற்கிற இடத்தில் நிற்கும், ஆனால் பீரோ நிறைய இரும்பை அடைத்த கனம். மேடம் பழைய வரைபடத்தை விரித்து வெகுநேரம் கணக்குப் போட்டார்.

"எவ்வளவு ரொப்பப் போறீங்க?"

வாயில் வந்தது: "பாதிதான்."

"பாதின்னா தாங்கும், எழுதிக் குடுக்கறேன். முழுசா ரொப்பினீங்கன்னா என்கிட்ட வராதீங்க."

இப்போது வாங்குவது பாதிதான். அது உண்மை. ஆனால் ஸ்லாட் காலியாக இருந்தால் இந்தக் காலேஜ் சும்மா விடாது. அடுத்த வருஷம் லைப்ரரிக்காரர்கள் கேட்பார்கள், அதற்கடுத்து எம்.பி.ஏ. பிளாக். கூடு வாங்குவதே ரொப்பத்தானே. ரெஜினா ரூம் தரையோடு இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் பக்கம், எவ்வளவு கனத்தையும் தாங்கும். அந்தப் பெரிய மழையில் அவள் ரூமுக்குள் தண்ணீர் வந்த பிறகு, சண்டை போட்டு உயரமாக மேடை கட்டவைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இருந்தும் பாதிக் கனத்துக்கு ப்ளான் எழுதினேன். இடம்: லேப் பிளாக், இரண்டாம் மாடி. படித்துப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஏ.ஓ.வுக்குச் சந்தேகமே வராது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் செந்திலிடம் சொன்னேன். லாரி தயாரிக்கும் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை, இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், சாயங்காலம் வீட்டில் இருந்தார்.

"உனக்கு இன்னா வேணும்?"

"அந்த ரூம்."

"ரூமா, வேலையா?"

இன்னும் இரண்டு வெங்காயம் எடுத்து உரித்தேன்.

"எங்க லைன்ல ரோபோ வந்தப்ப என்னைத் தூக்கி வேற ஷாப்புல போட்டாங்க. கொஞ்ச நாளு சோறு எறங்கல. அப்புறம் எறங்கிச்சி. வெங்காயம் போதும் விடு, எத்தினி உரிப்ப?"

செப்டம்பர் 26, வெள்ளி

நல்ல வெயில். கேன்டீனில் புதினா சாதம்.

கம்பெனிக்காரர்கள் ஒரு கூட்டை வண்டியில் கொண்டுவந்து கருத்தரங்கு ஹாலில் காட்டினார்கள். அவர்களுடைய இன்ஜினியர், நெல்லைக்காரர், நல்ல பொறுமைசாலி. ரெஜினா முன்வரிசையில். இவள் வீட்டில் உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும். ஒரு காற்றாடி நின்றால் மற்றவை எப்படி ஈடுகட்டும், ஒரு பிளேடு போனால் அதன் வேலை எதற்கு மாறும், ஓடும்போதே கழற்றலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீங்களே உருவிப் பாருங்க மேடம்," என்றார் அவர்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு கையாலும் உருவினாள். கூடு உறுமிவிட்டு அமைதியானது. அவள் முகத்தை அந்த மாதிரி நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. முதல் மெஷின் பெட்டியைப் பிரித்த அன்று அப்படி இருந்தது.

"மேடம், நீங்க பேசாம எங்க கம்பெனிக்கு வந்துருங்களேன்," என்றார் அவர்.

"காபி நல்லா இருக்குமா அங்க?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும்தான்.

கேன்டீனில் அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"எக்ஸாம் செல் சூப்பிரண்டு கேக்கறாரு, 'எங்ககிட்ட வரப்போறது நீங்களா, அவங்களா'ன்னு. நான் முழிச்சினு நிக்கறேன். உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழம வஞ்சிரம். செவ்வாக்கெழம கீர. நேத்து முட்ட. எல்லாத்தையும் தின்னுட்டு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல இல்ல?"

ஏ.ஓ. சொல்ல வேண்டாம் என்றார் என்று ஆரம்பித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

"எனக்கு அந்த வேல வேணும்," என்றாள். "கவர் ஒட்டறதுக்கு நான் வரல. உனக்கும் வேணும்னா வேணும்னு சொல்லு, நேருக்கு நேரா சண்ட போட்டுக்கலாம். உள்ள வெச்சினு சிரிச்சினு உக்காராத."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திறக்காத டப்பா. என்ன குழம்பு என்றுகூடத் தெரியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தூறல். நேற்று எழுதவில்லை. துணி காயவில்லை. சின்னவள் கிராஃப் நோட்டு வாங்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். போய் வாங்கினேன்.

ரெஜினா இந்நேரம் கோயில் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள். போன் எடுத்தேன், வைத்தேன்.

அந்தப் பெரிய மழை ஞாபகம் வந்தது. அவள் ரூமில் கணுக்கால் தண்ணீர். கரண்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மெஷினாகத் துப்பட்டாவால் மூடி, நனைந்துகொண்டே முற்றத்தைக் கடந்து என் ரூமுக்கு மாடியேற்றினோம். படியில் அவள் முன்னால், நான் பின்னால். "கீழ போட்டன்னா உன்னயும் போட்டுடுவேன்" என்று திட்டிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் என் ரூமில் வரிசையாக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, யாரோ மிச்சம் வைத்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தோம். அன்றைக்கு எல்லா மெஷினும், இரண்டு பேரும், ஒரே ரூமில்.

அதைவிட நல்ல நாள் அந்தக் காலேஜில் எனக்கு உண்டா என்று யோசித்தேன். உடனே ஒன்றும் தோன்றவில்லை.

மாலை மாவு அரைத்தேன். கேட்காமல் இருப்பது செந்திலுக்குக் கஷ்டம்தான், டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்டர்காம் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. ரூம் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

முதல் பீரியடுக்குக் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் வந்து நின்றார். முதலாண்டு லேபைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள், திரும்பி வரப் போவதில்லையாம், வேலையை விட்டுவிட்டாள். "ஒரு பீரியட் மட்டும் பாத்துக்குங்க மேடம், ஆள் போடறவரைக்கும் தலைவலி."

நான் சேர்ந்தது அந்த வேலையில்தான். சர்வர் ரூம் வந்ததும் மாடிக்குப் போனேன், அப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை.

லேப் நிறைய பிள்ளைகள். பாதிப் பேருக்கு பாஸ்வேர்ட் ஞாபகமில்லை. மீதிப் பேர் அடுத்தவர் மெஷினில்.

"மேடம், என் பாஸ்வேர்ட் இன்னா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதான் சர்வர் மேடமாமே, எல்லாருதும் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

பின்வரிசையில் ஒருத்தி: "அவ ஆளு பேரப் போட்டுப் பாருங்க மேடம்."

"எந்த ஆளுடி? போன மாசத்து ஆளா, இந்த மாசத்து ஆளா?"

வரிசையே மேஜையில் கவிழ்ந்து சிரித்தது. திட்ட நினைத்து வாயைத் திறந்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடினேன், குனிந்தேன், ஒரு மவுஸைத் தலைகீழாகப் பிடித்தவனைத் திருப்பிப் பிடிக்கவைத்தேன், தொண்டை கட்டியது. பெல் அடித்தபோதுதான் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது தெரிந்தது. இடையில் ஒருதரம்கூட மாடியில் ஏ.சி. எப்படி இருக்கிறது என்று நினைக்கவில்லை.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். ரூமுக்குள் உட்கார்ந்து. குளிர்ந்தது. முன்பு ஏன் குளிரவில்லை?

செந்தில் கேட்ட கேள்வி. வேலை எனக்கு வேண்டியிருந்தால், வெள்ளிக்கிழமை அந்த பிளேடை உருவ நானும் கை நீட்டியிருப்பேன். நான் கூட்டைப் பார்க்கவே இல்லை. ரெஜினாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் வெயில், மாலையில் இடி மட்டும்.

காலேஜில் பூஜை. பஸ்களுக்கு வாழைக்கன்று, லேத் மெஷினுக்கு மாலை, எங்கள் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம். வருஷா வருஷம் சந்தனம் வைப்பது ரெஜினாதான். சர்ச்சுக்குப் போகிறவள் என்று யாராவது கிண்டல் செய்தால், "சந்தனம் சாமிக்கு, காத்துப் போற ஓட்ட மெஷினுக்கு, ரெண்டையும் காப்பாத்த ஆள் வேணாமா?" என்பாள். காற்றுப் போகிற ஓட்டையில் சந்தனம் பூசி ஒருமுறை சேரப்பனஞ்சேரி கொதித்துவிட்டது. பொரி உள்ளே போய் காற்றாடி நின்றதும் உண்டு.

இந்த வருஷம் வரமாட்டாள் என்று நினைத்து நானே சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். வந்தாள். என்னைப் பார்க்காமல், ஆபீஸ் அட்டெண்டர் தனத்திடம்:

"தனம்மா, அந்தம்மா கைய கொஞ்சம் தள்ளச் சொல்லு. ஓட்டையில பூசறாங்க."

"அவங்க பக்கத்துலதான கீறாங்க, நீங்களே சொல்லுங்க," என்றாள் தனம்.

"எனக்கு அவங்களத் தெரியாது."

படப்பைக்கு மூன்று விரல் சந்தனம். முடிச்சூருக்கும் வைத்தாள். பொரிப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தாள், கையில் தரவில்லை. போய்விட்டாள். இறங்குகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு ப்ளானைத் திறந்தேன். பாதிக் கனத்தை அழித்தேன், முழுக் கனத்துக்குப் போட்டேன். முழுக் கனத்துக்கு இந்த ரூம் தாங்காது என்று விஜயா மேடம் சொன்னதையும் எழுதினேன். இடம்: மெயின் பிளாக் கீழ்த்தளம். பொறுப்பு: ரெஜினா. எந்த மெஷின் எந்த ஸ்லாட்டுக்கு, எந்த வாரம் எதை மாற்றுவது, எல்லாம் ஒழுங்காக. எழுதி முடிக்க வெகுநேரம் பிடிக்கவில்லை. சரியான கணக்கு என்பதாலோ என்னவோ.

என் பெயருக்கு நேரே எக்ஸாம் செல் என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதவில்லை. தனியாக ஒரு கடிதம்: முதலாண்டு லேபில் காலியான இடத்துக்கு என்னைப் போடும்படி. ஒரு படி கீழே இறங்கிய வேலை என்று ஏ.ஓ. சொல்வார். செந்தில் இரண்டு நாள் ஒன்றும் சொல்லமாட்டார், மூன்றாம் நாள் சோறு இறங்குகிறதா என்பார்.

இரண்டையும் கவரில் போட்டு ஒட்டி, ஏ.ஓ. மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் கிளம்பிவிட்டிருந்தார். நாளையும் மறுநாளும் லீவு. வெள்ளிக்கிழமைதான் பிரிப்பார். செந்திலுக்குத் தெரியாது. ரெஜினாவுக்குத் தெரியாது. பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், படப்பையில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபம் போய்விடும், உடனே என்னோடு சண்டைக்கு வருவாள், நீ ஏன் இறங்கிப் போகிறாய் என்று. வெள்ளிக்கிழமை வரை கோபமாகவே இருக்கட்டும்.